அரத்தூள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், வயிற்றில் இருப்பதும் சுகம் என்று டாக்டரம்மா சொன்னார். நாலாவது மாதம் நடக்கிறது. உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது. போன கடிதத்தில் ஏதோ மோட்டாருக்கு இருமல் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், உன்னைப் பற்றி அரை வரி. உன்னை எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுவதில் தப்பே இல்லை.

உன் அத்தானுக்கு மாற்றல் வந்துவிட்டது. உன் முகாமுக்கேதான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்ளே கை பட்ட ஹெலிகாப்டர்ல ஏறப் போறேன், இதைவிட என்ன வேணும்"னு பெட்டி கட்டிக்கொண்டே சொல்கிறார். நான் அன்றைக்குத் தையல் பட்டறையில் காலர் துண்டு வெட்டும்போது கோடு தவறி நாற்பது அடுக்குத் துணியையும் பாழாக்கிவிட்டேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு துணிக்கட்டைப் பிரித்தார்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். இந்த வரனைக் கொண்டுவந்தது நீ. பீரங்கிப் பிரிவில் தூரக் கணக்குப் போடுகிறவர், தரையில்தான் வேலை, தங்கமான ஆள் என்று நீதான் அளந்தாய். தங்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான ஆறாவது மாதம் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனதே, அதை யாரிடம் போய்க் கேட்பது? அதனால் அவருக்கு நீதான் பொறுப்பு. பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதிலை உடனே போடு.

உன் அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. நீ கனமான துணிக்கட்டுகளைத் தூக்காமல் இருக்கிறாயா? அத்தான் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. என் ஷெட்டுக்கு எதிர் அறையில்தான் இருக்கிறார். உன் போட்டோவைக் கண்ணாடியில் செருகி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே சவரம் செய்கிறார், பாவம்.

நீ பயப்படுகிற மாதிரி இங்கே சண்டை விமானம் எதுவும் இல்லை. நம் பிரிவு ஆரம்பித்ததே பீரங்கிக்காரர்களுக்குக் கண்ணாக இருக்கத்தான். குண்டு எங்கே விழுகிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல, துணி போர்த்திய இறக்கையோடு இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் வைத்திருந்தார்களாம். விமானப்படைக்காரர்கள் அதைப் 'பட்டம்' என்று கேலி செய்வார்களாம். பிறகு ஹெலிகாப்டர் வந்தது. இப்போது மலைமேல் இருக்கும் காவல் நிலைகளுக்கு மண்ணெண்ணெய், மருந்து, தபால் கொண்டுபோகிறோம், அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவருகிறோம். தரைப்படைக்கு எதற்குத் தனியாக ஹெலிகாப்டர் என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் கமாண்டர் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "மேல இருக்கறவன் கூப்பிட்டா அது மூணு ஆபீஸ் சுத்திட்டு வரக் கூடாது. நம்ம ஆளு கூப்பிட்டா நம்ம ஆளு போகணும்."

இங்கே இரண்டே ஹெலிகாப்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த புத்தகம். தினமும் காலையில் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கிளம்பும். கோளாறு இருந்தால் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போடுவேன். போட்டவன் கைதான் அதை அடிக்க வேண்டும். கமாண்டரே தலைகீழாக நின்றாலும் அதற்குள் எடுக்க முடியாது. ஆக, உன் புருஷன் என் பேனாவைத் தாண்டித்தான் பறக்கிறார். போதுமா?

உச்சிக் காவல் நிலையில் ஒரு ரேடியோக்காரப் பையன் இருக்கிறான். விதிப்படி எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இவன் கொட்டாவி விட்டால்கூட இரண்டு முறை விடுவான், அதனால் பெயர் 'கிளி'. அத்தானுக்கும் அவனுக்கும் நல்ல ஒட்டுதல். அங்கே இறங்கினாலும் விசிறியை நிறுத்தாமல் சாமானைத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும், கிளியோ பதுங்கு அறையை விட்டு வர முடியாது. அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பழக்கமெல்லாம் குரலோடுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

*

மே 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் அவரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன்.

பக்கத்து முகாமில் விழுந்த ஹெலிகாப்டரைப் பற்றி நீங்கள் இரண்டு பேருமே எனக்கு எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாமல் போய்விடுமா? அதை ஓட்டியவரின் மனைவி என் அடுத்த தெருவில் இருக்கிற டீச்சர். போய்ப் பார்த்தேன். கூடம் முழுக்க ஆட்கள். அவர் உள்ளறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். யாரோ தாளை வாங்கப் போனதற்கு, "இன்னும் பதினோரு பிள்ளைங்க இருக்காங்க, நாளைக்குக் குடுக்கணும்" என்றார். மதிப்பெண்ணைக் கூட்டுகிறார், தப்பாக வருகிறது, அடித்துவிட்டு மறுபடி கூட்டுகிறார். அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். உன் பேனாவைத் தாண்டித்தான் அவர் பறக்கிறார் என்று நீதான் எழுதியிருக்கிறாய். குழந்தை ஆகஸ்ட் நடுவில். அதுவரைக்கும் அந்தப் பேனாவால் ஏதாவது செய்ய முடியாதா? என்ன கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் என்று அத்தான் சொன்னார், தலையணை மேல் காலை வைத்துப் படு.

விழுந்ததை எழுதாதது என் தப்பு. அந்த மனுஷன் போன மாதம் எங்கள் மெஸ்ஸில் என் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எழுதக் கை வரவில்லை.

நீ கேட்டது மட்டும் என்னால் முடியாது. வேறு எது வேண்டுமானாலும் கேள். நான் கோடு போட்டால் இங்கே ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். இதுவரை யாரும் அதில் பொய் எழுதாததால்தான் அந்த நம்பிக்கை. அத்தானுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கவே மாட்டார்.

அவருடைய மெஷினை இரண்டு முறை சோதிக்கிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஜூலை 24

தம்பி,

இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. பட்டறைக்குப் போக வேண்டாம், படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். படுத்தால் கூரையைத்தான் பார்க்கிறேன். கூரைக்கு மேல் என்ன சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நீ சொன்ன நியாயமெல்லாம் எனக்கும் புரிகிறது. டீச்சர் தினமும் வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போவதையும் பார்க்கிறேன். குழந்தை பிறக்கிற வரைக்கும்தான். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ கொண்டுவந்த வரன்டா அவர். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் கேட்க?

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைரியமாக இரு. அத்தானுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்துவிடுவார். ஹெலிகாப்டர் சில நாளாகத் தரையில் இருக்கிறது. இங்கே எல்லாம் வழக்கம்போல்.

டாக்டரம்மா சொன்னபடி நட.

தம்பி

*

ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

நீ மாமாவாகிவிட்டாய். பதினாறாம் தேதி பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. உன்னைப் போலவே காதுகள், பாவம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். நானும் சுகம். தந்தி கொடுத்தும் நீ ஒரு வரி எழுதவில்லை. ஏன்?

உன் அத்தான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். ஆனால் ஆள் இங்கே இல்லை. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறார். நேற்று மதியம் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே தானாகச் சொன்னார். ஏழாம் தேதி பதினோரு மணிக்குக் கிளி ரேடியோவில் கூப்பிட்டானாம். ஏரியல் கம்பியைச் சரிசெய்ய வெளியே போன இடத்தில் கண்ணிவெடி, தூக்கி வந்து பதுங்கு அறையில் போட்டிருக்கிறார்கள். அடிபட்டவன் யார் என்று கேட்டதற்கு, "நான்தான் சார், நான்தான்" என்றானாம். இடது தொடை. மூன்று மணி வரை இவர் ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்து அவனைப் பேச வைத்திருக்கிறார். இரண்டு முறை சொல்கிறவன் போகப்போக ஒரு முறைதான் சொன்னானாம். அப்புறம் ஸ்ட்ரெச்சரில் வைத்து மலைப்பாதையில் இறக்கியிருக்கிறார்கள். சாலைக்கு வருவதற்குள் போய்விட்டான். இருபத்திரண்டு வயசு.

"போக முடியல. ஒண்ணுல என்ஜின் கழட்டி வெச்சிருந்தது. இன்னொண்ணுல சிவப்புக் கோடு. கியர் எண்ணெயில இரும்புத் தூள். வால் விசிறி நடுவானத்துல கழண்டிருக்கும், மாப்ளே பார்த்துட்டான்" என்றார். உன்னால்தான் இந்தக் குழந்தைக்கு அப்பா இருக்கிறார் என்று வேறு சொன்னார். உனக்குத் தர என்று ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறார்.

தம்பி, அந்தத் தூள் நிஜமாகவே இருந்தது என்று எனக்கு எழுது. அது மட்டும் எழுதினால் போதும்.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தையும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தூள் இருந்தது. நான் வைத்தது.

எண்ணெய்க்குள் காந்த முனை வைத்த ஒரு திருகு இருக்கும். கியர் தேய்ந்தால் இரும்புத் துகள் அதில் வந்து ஒட்டும். அன்று காலை ஏழு மணிக்கு அதைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. என் மேஜையில் முந்தின நாள் ஒரு தகட்டை அரத்தால் ராவிய தூள் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். கோடு போட்டேன். கமாண்டர் பார்த்தார், அத்தான் பார்த்தார். அத்தான் என் தோளைத் தட்டினார். அன்றைக்கு மண்ணெண்ணெய் டின்னும் தபாலும்தான் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் தபால் போகாவிட்டால் யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்குக் கிளி கூப்பிட்டான். அப்போதாவது என் கையாலேயே கோட்டை அடித்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ரேடியோ அறை வாசல் வரைக்கும் போனேன். அத்தான் அவனிடம், "இருடா, பக்கத்து முகாம்ல கேட்டிருக்கேன்"னு சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலைதான் வர முடியும் என்று அங்கிருந்து பதில் வந்தது. நான் உள்ளே போகவில்லை. திரும்பி ஷெட்டுக்கு வந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி வரைக்கும் துடைத்தேன் அக்கா. காலையில் செய்தது ஒரு தப்பு. அந்த நாலு மணி நேரம் செய்ததற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று கமாண்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் புத்தகத்தை வரவழைத்து ஏழாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினார். கடைசியில், "யார் சொல்லிச் செஞ்ச?" என்றார். "யாரும் சொல்லல, விபத்துக்கு அப்புறம் எனக்கே பயமா இருந்தது" என்றேன். உன் கடிதங்களை எரித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை என்றே நீயும் சொல். அத்தான் லீவு முடிந்து இன்று வருகிறார், அவருக்கும் தெரிந்துவிடும்.

கைக்கடிகாரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்.

தம்பி

*

அக்டோபர் 19

தம்பி,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எரித்துவிட்டால் நான் எழுதவில்லை என்று ஆகிவிடுமா? கேட்டது நான். நீ முடியாது என்றாய், மறுபடியும் கேட்டது நான்.

அவர் முகாமுக்குப் போய் விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நீ தனியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் தேவலை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நின்றார். "கிளி எங்கிட்ட பேசிட்டு இருக்கும்போது நான் எவ்வளவு நல்லவன்னு நினைச்சிருப்பான்" என்று மட்டும் சொன்னார். அதோடு சரி. இரண்டு நாளும் நான் போட்டதைச் சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அந்தப் பையனுக்கு அம்மா இருக்கிறார்களா என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தாலும் எழுதாதே.

அக்கா

*

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? குழந்தை குப்புற விழுகிறதா? என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, யாரும் அடிக்கவோ திட்டவோ இல்லை.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. பொய்யாக ஒரு பக்கம் எழுதியவன் எழுதிய மற்றப் பக்கங்களை எப்படி நம்புவது? பதினாலு மாதமாக நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு திருகையும் வேறு ஆட்கள் வந்து கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு ஹெலிகாப்டரும் ஒன்பது நாள் ஷெட்டிலேயே நின்றன. அந்த ஒன்பது நாளும் மலையில் இருந்தவர்கள் யாரும் அடிபடாமல் இருக்க வேண்டுமே என்று இந்த அறையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. என் மற்றப் பக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அதைச் சொல்ல வந்த புது மெக்கானிக் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இப்போது விசாரணை. எனக்காகப் பேச வந்திருக்கும் அதிகாரி ஒரு விஷயம் சொன்னார். உச்சிக் காவல் நிலைக்குப் போகிற கணவாயில் மதியம் அடிக்கடி மேகம் இறங்கும், இறங்கினால் யாரும் போக முடியாது. அன்றைக்கும் மேகம் இருந்தது என்றால், கோடு இல்லாவிட்டாலும் ஹெலிகாப்டர் போயிருக்காது, பையன் சாவுக்கு நான் காரணமாக மாட்டேன். வேலை போகும், அவ்வளவுதான். மேகம் இல்லையென்றால் சிறை. எத்தனை வருஷம் என்று அவர் சொல்லவில்லை. கணவாயை அன்று பார்த்தது அத்தான் ஒருவர்தான், ரேடியோ அறை ஜன்னல் அந்தப் பக்கம். அவரிடம் எழுத்தில் கேட்கப் போகிறார்கள்.

நான் ஷெட்டுக்குள்ளேயே இருந்தேன், எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. மேகம் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நான் தூங்குவேன். அக்கா, நான் கேட்கக் கூடாது. நீ ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் தட்ட மாட்டார்.

தம்பி

*

டிசம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நானும் குழந்தையும் சுகம். குப்புற விழுந்துவிட்டு, திரும்பத் தெரியாமல் அழுகிறாள். உனக்குக் குளிருக்குப் போர்வை கொடுத்திருக்கிறார்களா?

உன் அத்தான் நேற்று வந்தார். விசாரணைத் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அங்கேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்தபிறகு தாளை விரித்து வைத்தார். ஏழாம் தேதி மதியம் கணவாயில் பறக்கக்கூடிய வானிலை இருந்ததா என்று அச்சடித்திருந்தது. கீழே நாலு கோடு இடம் விட்டிருந்தார்கள்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்டோபருக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

உன் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. அவர் எழுதுவார், தம்பி. நான் கேட்டால் எழுதிவிடுவார், அதை அவர் முகத்திலேயே பார்த்தேன். அவருக்கும் நீ பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேளேன் என்பது போலத்தான் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன். "நான் ஒண்ணும் கேக்கல. நீங்க பார்த்ததை எழுதுங்க" என்றேன்.

அவர் பேனா முனையைத் துடைத்தார். பிறகு ஒரே வரி எழுதினார். வானம் தெளிவாக இருந்தது, சிகரம் வரை தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் இன்னொரு தாள் எடுத்து, மே மாதமும் ஜூலை மாதமும் உன்னிடம் கேட்டது நான்தான் என்று எழுதினேன். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதினேன். அதனால் உனக்கு ஒரு மாதமாவது குறையுமா என்று தெரியாது.

இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன். அவர் கொண்டுபோய்ப் போடுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. இன்று காலை டீச்சர் வீட்டு முனையில் இருக்கிற தபால் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். எந்த ஊரில் வைத்தாலும் பார்க்க விடுகிற நாளன்று முதல் ஆளாக வந்து நிற்பேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நிற்பேன். போர்வை இல்லையென்றால் எழுது, கொண்டுவருகிறேன்.

உன் அக்கா